செம்பூரில் வாங்கிய ஸ்பிரிங் கை

நாகராஜ் மஸ்கட்டுக்குப் புறப்பட்டது 2022 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் பயணம் வேண்டாம் என்று இசக்கிசெல்வி சொல்லிப் பார்த்தாள். டிக்கெட் எடுத்தது கம்பெனி. கம்பெனிக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு அவன் மறுபடியும் சந்துக்குள் ஓடி வந்தான். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டான் என்று செல்வி நினைத்தாள். அவன் சுவரில் தொங்கிய கேமராப் பையைக் காட்டினான்.

“இத வித்துருட்டி. சும்மா கெடந்தா லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிரும். ஒங் கைக்கு இது சரிப்படாது.”

குத்தலாகச் சொல்லவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

செல்வியின் இரண்டு கைகளும் நடுங்கும். சும்மா மடியில் கிடக்கும்போது ஒன்றும் இருக்காது. ஒரு பொருளை எடுக்கப் போனால் தொடங்கும், பதற்றப்பட்டால் கூடும். அவளுடைய அப்பாவுக்கும் அப்படித்தான். அவர் ஒரு துளி குடிக்காதவர். கையைப் பார்த்துத் தெருவில் பாதிப் பேர் அவரைக் குடிகாரர் என்றே நினைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் செல்வியிடம், இதனால் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை, இப்படியே இருக்கும், பழகிக்கொள் என்று சொல்லியிருந்தார். அவளும் பழகிக்கொண்டாள். டீ டம்ளரைப் பாதிதான் நிரப்புவாள். வாசலில் ஸ்டிக்கர் கோலம். எதையும் இறுக்கிப் பிடிக்க மாட்டாள், இறுக்கினால் நடுக்கம் அதிகமாகும் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

கல்யாணம் ஆன பத்து வருஷமும் நாகராஜ் வீடியோ எடுத்தான், செல்வி லைட் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் படமாக்குவதும் அவள்தான். மவுஸ் மேஜைமேல் இருப்பதால் கை சொன்னபடி கேட்கும். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, கோயில் கொடை என்று இருநூறு நிகழ்ச்சிகளாவது அவள் கண்முன் ஓடியிருக்கும். கொரோனாவுக்குப் பிறகு செல்போனிலேயே எல்லாரும் எடுத்துக்கொள்ளத் தொடங்க, நாகராஜ் சிசிடிவி மாட்டும் வேலைக்கு மஸ்கட் போனான்.

அவள் கேமராவை விற்கவில்லை. ஏன் என்று நான் பின்னால் ஒரு தடவை கேட்டேன்.

“அவரு நல்லாத்தான் எடுப்பாரு தங்கச்சி. ஆனா பொண்ணு அழும்போது அவரு மேளக்காரன எடுத்துக்கிட்டு இருப்பாரு. எத்தன வீட்டுல! எங்க திரும்பியிருக்கணும்னு எனக்குத் தெரியும்லா. பத்து வருசமா ஸ்கிரீன் முன்னால இருந்து, ‘திரும்பு, திரும்பு’ன்னு நாந்தான கத்துனேன்.”

முதலில் பக்கத்துச் சந்தில் ஒரு சடங்கு கிடைத்தது. பெண்கள் மட்டும் கூடும் இடம் என்பதால் பெண் கேமரா என்றதும் சந்தோஷமாகக் கூப்பிட்டார்கள். வீடியோவைப் பார்த்த பிறகு அந்தப் பெண்ணின் அத்தை கேட்டாளாம்: “ஏன் செல்வி, அன்னைக்கு நம்ம வீட்டுல பூகம்பம் வந்துச்சா? எங்க யாருக்கும் தெரியலையே?”

பிறகு ஸ்டாண்டில் வைத்து எடுத்துப் பார்த்தாள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாற்பது பெண்கள்; ஸ்டாண்டின் மூன்று கால்களில் ஒவ்வொரு தடவையும் மூன்று பேர் தடுக்கினார்கள். கையில் பிடித்தால் மோட்டாரே ஆட்டத்தைச் சமன் செய்யும் கிம்பல் ஒன்றை ஒருவரிடம் இரவல் வாங்கினாள். கேமராவோடு மூன்று கிலோ. எடை கூடக் கூட நடுக்கமும் கூடியது. மோட்டார் அவள் கையோடு சண்டை போட்டு வண்டு மாதிரி ரீங்காரமிட்டது.

அப்போதுதான் ராபியா அந்தக் கல்யாணத்தைப் பிடித்துக் கொடுத்தாள். ராபியா செல்வியின் பக்கத்து அறையில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். மணப்பெண் அலங்காரத்துக்குப் போகும் வீடுகளில் எல்லாம் செல்வியைப் பற்றிச் சொல்லிவைப்பாள். காட்கோபரில் ஒரு வீடு, தை மாதம் கடைசியில் முகூர்த்தம், செல்வி தனியாக எடுக்கப்போகும் முதல் கல்யாணம்.

“ஏளா, எம் பேரச் சொல்லி வாங்குன ஆர்டர். இதுலயும் பூகம்பம் வந்துச்சுன்னா எனக்கும் சோறு கெடையாது, ஒனக்கும் கெடையாது” என்றாள் ராபியா.

ஆகவே செல்விக்குக் கையில் பிடிக்கத் தேவையில்லாத ஒன்று வேண்டியிருந்தது.

அது எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

நீண்ட நாள் எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்த டிசம்பரில்தான் நான் மும்பைக்குத் திரும்பி, செம்பூரில் ஸ்மிதா அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எனக்குக் கொடுத்த அறையில் பரண் நிறைய ஒரு கறுப்புப் பெட்டி. அக்காவின் கணவர் வைத்தீஸ்வரன் அத்திம்பேர் பேங்க் அதிகாரி. ஒரு காலத்தில் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுக்கப்போகிறேன் என்று கிளம்பி, கேமராவை உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கினார். அதில் மார்பில் கட்டிக்கொள்ள ஒரு கவசம் இருக்கும். கவசத்தின் இடுப்பிலிருந்து இரண்டு மடிப்பாக ஒரு ஸ்பிரிங் கை நீளும். அந்தக் கையின் முனையில் ஒரு வளையம். வளையத்துக்குள் ஒரு தண்டு சுழலும். தண்டின் மேலே கேமரா, கீழே சின்ன ஸ்கிரீனும் எடைத் தட்டுகளும். மனுஷன் நடக்கும்போது ஆடுகிற ஆட்டத்தை ஸ்பிரிங்கும் வளையமும் வாங்கிக்கொள்ளும். கேமரா தண்ணீரில் மிதப்பதுபோலப் போகும்.

“நாலு தடவ மாட்டிண்டார். நாப்பது நாள் நான் முதுகுக்குத் தைலம் தேச்சேன்” என்பாள் அக்கா.

அதை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் போட்டது நான். ஏழெட்டுப் பையன்கள் பாதி விலைக்குக் கேட்டார்கள். ஒரு பெண் குரல் மட்டும் நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டது.

சனிக்கிழமை காலை செல்வி வந்தாள். நல்ல சுடிதார், பின் குத்திய துப்பட்டா, கைகள் துப்பட்டாவுக்குள். பெட்டியைத் திறந்து காட்டியதும் ஒவ்வொரு பாகமாகக் குனிந்து பார்த்தாள். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

“சார், இத எத்தன தடவ கீழ போட்டிய?”

அத்திம்பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஒரே ஒரு தடவை. அதுவும் கார்ப்பெட்ல.”

“ரெண்டு” என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

அக்கா காபி கொண்டுவந்தாள். செல்வி கையை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. டபராவில் டம்ளர் கடகடவென்று அடித்தது. காபி மேஜையில் சிந்தியது. அவள் துப்பட்டாவால் துடைக்கப் போனாள், அக்கா தடுத்தாள். அத்திம்பேர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, உடம்பு சரியில்லையா?”

“இல்ல சார். எனக்கு இப்படித்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேங்கில் கடன் இல்லை என்று சொல்லும்போது அப்படித்தான் துடைப்பார் என்று அக்கா பிறகு சொன்னாள். “தப்பா நினைச்சுக்காதே. இது நல்ல கைக்கே அடங்காத சாமான். தெரிஞ்சே உன் தலைல கட்டறது எனக்கு நியாயமாப் படலை. வேண்டாம்மா.”

விற்க வேண்டும் என்று மூன்று வருஷமாகத் துடித்தவர் விற்க மாட்டேன் என்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது. செல்வி எழுந்திருக்கவில்லை.

“சார், இது கையில பிடிக்கிற சாமானா, ஒடம்புல மாட்டுற சாமானா?”

“உடம்புலதான். ஆனா...”

“எனக்குக் கை மட்டுந்தான் சார் ஆடும். ஒடம்பு ஆடாது. ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுப் போயிருதேன்.”

கவசம் அத்திம்பேரின் அளவுக்கு இருந்தது. அக்கா செல்வியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். ஆண்களுக்கென்று செய்த பொருள். மார்பில் அழுத்தியது, தோளில் தொங்கியது. பட்டையை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் அக்கா தன் பழைய காட்டன் புடவை ஒன்றைக் கிழித்து மடித்துத் தோளுக்கு அடியில் வைத்தாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன சிரிப்பு என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை.

கேமராவுக்குப் பதில் அதன் தட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டினோம். அத்திம்பேர் எப்போதும் தண்டை முழுக் கையால் கெட்டியாகப் பிடிப்பார், அப்படித்தான் நான் பார்த்திருக்கிறேன். செல்வி இரண்டு விரல் நுனியை மட்டும் வைத்தாள். சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஹாலிலிருந்து சமையலறை, அங்கிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து பூஜை அலமாரி. விரல் நுனி மெல்ல அதிர்ந்தது. பாட்டிலுக்குள் தண்ணீர் அசையவில்லை.

அத்திம்பேர் பாட்டிலைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

“நான் நாலு தடவையும் இறுக்கிப் பிடிச்சேன்” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அன்றைக்கே விலை முடிந்தது. அவளோடு டாக்ஸியில் நானும் போனேன். அந்தப் பெட்டியை ஒரு ஆள் தூக்க முடியாது. அவள் அறை மாடியில். பெட்டியைக் கயிறு கட்டி ராபியாவும் நானும் மேலே இழுத்தோம்.

உள்ளே போனதும் செல்வி கையும் முகமும் கழுவினாள். பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தாள். புதிதாக எது வாங்கினாலும், மிக்ஸியானாலும் கம்ப்யூட்டரானாலும், முதலில் பொட்டு வைத்துவிட்டுத்தான் தொடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை; தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். கவசத்துக்கு ஒன்று, ஸ்பிரிங் கைக்கு இரண்டு, எடைத் தட்டுகளுக்கு ஒவ்வொன்று. தண்டு சுழலும் வளையத்தில் மட்டும் நாலு பக்கமும் வைத்தாள்.

“வண்டின்னா சக்கரத்துக்குத்தான தங்கச்சி முக்கியமா வைப்போம். இதுக்கு இதாம்லா சக்கரம்.”

சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்தது. வளையத்தின் விளிம்பில் வழிந்தது. அவள் அதன்மேல் குங்குமத்தை அழுத்தினாள்.

மறுநாள் மத்தியானம், நாகராஜின் சாப்பாட்டு நேரத்தில், வீடியோ காலில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேமராவை விற்கவில்லை, ஒரு ஸ்டெபிலைசர் வாங்கியிருக்கிறேன், காட்கோபரில் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அவன் திட்டியிருந்தால் பரவாயில்லை. “சரி. ஒன் இஷ்டம்” என்றான். பிறகு மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேசினான்.

பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்த இடம் சந்துதான். காலையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம். குடங்களுக்கு நடுவே, மேலே தொங்கும் கேபிள்களுக்குக் குனிந்து, கவசத்தோடு நடப்பாள். பிள்ளைகள் பின்னால் வரிசையாக வருவார்கள். “ஏ ரோபோட் தீதி! சார்ஜ் கதம் ஹோ கயா க்யா?” சார்ஜ் தீர்ந்துவிட்டதா என்று கேலி செய்வார்கள். செல்வி திரும்பாமலே பதில் சொல்வாள்: “ஆமாடா, ஒங்கம்மாட்ட போயி சார்ஜர் வாங்கிட்டு வா.”

முதல் நாலு நாள் எடுத்ததை எனக்கு அனுப்பினாள். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேமரா வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அவ்வளவு குஷியாக இருந்தாள். ஐந்தாம் நாள் எதுவும் வரவில்லை, ஆறாம் நாளும் வரவில்லை. ஏழாம் நாள் நான் போன் செய்தேன்.

“ஒண்ணுமில்ல தங்கச்சி. சாமான் நல்ல சாமான்தான். எங் கைதான்...” என்று நிறுத்தினாள். “படம் வெட்டி வெட்டி இழுக்குது. ஒரு பக்கமாச் சாயுது. ஆடுறது கூடிக்கிட்டே போகுது போல. ராபியாட்ட சொல்லிட்டேன், வேற ஆளப் பாத்துக்கிடட்டும்னு. சாருட்ட சொல்லுங்க, அவரு அன்னைக்கே சொன்னாரு. நாந்தான் கேக்கல.”

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

நான் அத்திம்பேரிடம் சொன்னேன். “கேட்டியா? அப்பவே சொன்னேன்” என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பெட்டியோடு வந்த, ஸ்குரு கழற்றும் குட்டிச் சாவிகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பேன்ட் போட்டுக்கொண்டு வந்து, “சலோ, போலாம்” என்றார்.

மும்பையில் பிறந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறவர். தாராவியை ரயில் ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார். சந்தில் குனிந்து நடந்து, இரும்பு ஏணியில் ஏறும்போது, “ஹனுமானே” என்று ஒவ்வொரு படிக்கும் சொன்னார். மேலே செல்வி கலவரப்பட்டு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ராபியா பார்லரை விட்டுவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். நாலு பேருக்கு அந்த அறையில் இடம் இல்லை.

“சார், ஒங்க மேல தப்பே இல்ல. நீங்க என்னத்துக்கு...”

“இரும்மா. நான் மாட்டிப் பாக்கறேன்.”

செல்வி அளவுக்குச் சுருக்கிய கவசம் அவர் வயிற்றில் ஏறவில்லை. ராபியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவழியாகப் பட்டைகளை நீட்டிக் கட்டிக்கொண்டு, செல்வியின் கேமராவோடு, அறைக்குள் மூன்று அடி முன்னால், மூன்று அடி பின்னால் நடந்தார். தண்டை இரண்டு விரலால் தொட்டார், செல்வி தொட்டதுபோல. அவர் கை கல்லுப்போல் நின்றது. கீழே ஸ்கிரீனில் படம் வெட்டி இழுத்து, இடது பக்கம் சாய்ந்தது.

அவர் மறுபடி நடந்தார். மறுபடி வெட்டியது.

“எனக்கும்தான் வெட்டறது” என்றார் அத்திம்பேர்.

செல்வி ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தாள். அது அசையவே இல்லை என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப எங் கை இல்ல” என்றாள். கதவுப் பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னாள். “ராபியா, எங் கை இல்லட்டி.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. எந்திரி மொதல்ல.”

தண்டு அந்த வளையத்துக்குள்தான் சிக்கிச் சிக்கித் திரும்பியது; வளையத்தைக் கழற்ற வேண்டும். அத்திம்பேர் சாவியை எடுத்தாரே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கழற்றினால் திரும்பப் பூட்ட வருமா என்று பயந்தார். செல்வியின் விரல்கள் அந்தக் கடுகு சைஸ் ஸ்குருவை நெருங்கக்கூட முடியாது. ராபியா இருவரையும் விலக்கினாள்.

“ஒவ்வொரு நாளும் பொம்பளைய புருவத்துல முடி முடியாப் பிடுங்குதேன். இது என்ன பெரிய வேல?”

பார்லரிலிருந்து புருவ முடி பிடுங்கும் சிமிட்டா, பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில் வந்தன. அத்திம்பேர் போன் டார்ச்சைப் பிடித்தார். “மெதுவா, மெதுவா” என்று அவர் சொல்லச் சொல்ல, ராபியா வளையத்தைப் பிரித்து ஒரு செய்தித்தாளில் வைத்தாள். உள்ளே சின்னச் சின்னக் குண்டுகள் உருளும் இடம் முழுக்க ஏதோ அடைத்திருந்தது. மஞ்சளும் சிவப்புமாக, காய்ந்து, மொறமொறவென்று. அத்திம்பேர் அதை விரலில் தேய்த்து மோந்து பார்த்தார்.

“ஏம்மா, இது சந்தனம்னா?”

செல்வியின் முகம் வெளிறியது. வழிந்த சந்தனம் உள்ளே போய்க் காய்ந்திருக்கிறது. அது போதாதென்று அவள் செவ்வாயும் வெள்ளியும் பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு வைத்து, குங்குமத்தையும் அழுத்தியிருக்கிறாள். நான் தட்டைப் பிடித்ததை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அத்திம்பேர் சிரிக்கத் தொடங்கினார். கவசம் இறுக்கியதால் மூச்சு வாங்கிற்று. “ஆபீஸ்ல ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சு, கீபோர்டுல ஒரு எழுத்து ரெண்டு மாசம் வேலை செய்யலை. வெச்சது யாரு தெரியுமா? நான்.”

“அப்ப சாமி குத்தமும் இல்ல, ஆசாமி குத்தமும் இல்ல” என்றாள் ராபியா. சிமிட்டாவில் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு குண்டாகத் துடைத்தாள். செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துடைத்த குண்டுகளைச் சீப்பு டப்பாவின் மூடி ஒன்றில் எண்ணி வாங்கிக்கொண்டாள். வளையம் மறுபடி பூட்டப்பட்டபோது, ஊதினால் சுற்றியது. வேறு ஆள் தேடும் பேச்சை ராபியா அதோடு விட்டுவிட்டாள்.

அதன்பிறகு அவள் பொட்டைப் பெட்டிக்கு மட்டும் வைத்தாள்.

காட்கோபர் கல்யாணத்தில் மண்டபம் கீழே, பெண்ணின் அறை மாடியில். வாசலிலேயே பெண்ணின் மாமா ஒருவர் பிடித்துக்கொண்டார்.

“கேமராமேன் எங்கம்மா?”

“நாந்தாண்ணே.”

“கூட ஆம்பள யாரும் வரலையா?”

“ஆம்பள எதுக்கு அண்ணாச்சி, தேர் இழுக்கவா?” என்றாள், மேக்கப் பெட்டியோடு உள்ளே போய்க்கொண்டிருந்த ராபியா. அவர் வழிவிட்டார்.

என் வேலை செல்விக்குப் பின்னால் நடப்பது. அவள் பின்பக்கமாக நடக்கும்போது சுவரிலோ ஆளிலோ மோதாமல், கவசத்தின் முதுகுப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். பெண்ணை மாடியிலிருந்து அழைத்து வரும் நேரம். செல்வி பெண்ணுக்கு முன்னால், பெண்ணைப் பார்த்தபடியே படியில் பின்பக்கமாக இறங்க வேண்டும். நான் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்ததாகத் தெரியவில்லை. தாராவியில் மாடி அறையில் இருப்பவர்கள் அந்தச் செங்குத்தான ஏணியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்கள். தினமும் பத்துத் தடவை, ஒரு கையில் வாளியோடு. கால் விரலால் படியைத் தேடுவது அவளுக்குப் புதிதில்லை.

மேளம் தொடங்கியது. பெண் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். செல்வி இறங்கினாள். நான் இறங்கினேன். அவள் விரல் நுனி தண்டில் அதிர்வது எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. ஸ்கிரீனில் பெண்ணின் முகம் அசையாமல், நெருங்காமல், விலகாமல் வந்துகொண்டிருந்தது.

பாதிப் படியில் செல்வி நின்றுவிட்டாள். அதற்குள் ஒரு படி கீழே போயிருந்த என் கையில் பட்டை வெடுக்கென்று இழுபட்டது. என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குப் பிறகுதான் மேலே பெண் நின்றாள். கீழே கூட்டத்தில் யாரையோ பார்த்துவிட்டாள். அவள் உதடு ஒரு முறை மடிந்தது. கண் நிறைந்தது. மேளக்காரர்கள் அந்தப் பக்கம் தலையை ஆட்டி ஆட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். செல்வி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி காலை எடுத்து வைத்த பிறகுதான் நாங்களும் இறங்கினோம்.

அந்த வீடியோவைப் பார்த்த யாரும் பூகம்பத்தைப் பற்றிப் பேசவில்லை. பெண்ணின் மாமா தன் பேத்தியின் சடங்குக்குத் தேதி சொல்லி அனுப்பினார். அதன்பின் செம்பூரில் ஒரு வளைகாப்பு, டோம்பிவிலியில் ஒரு கிரகப்பிரவேசம். லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு இடம் பிடிக்க அவள் ஹிந்தியிலும் மராத்தியிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். அறுபதாம் கல்யாணம் ஒன்றுக்கு அத்திம்பேரே சிபாரிசு செய்தார். “அந்த ஸ்டெபிலைசர் என்னோடதாக்கும்” என்று அங்கே எல்லாரிடமும் சொன்னாராம்.

படி இறங்கும் காட்சியை மட்டும் தனியாக வெட்டி, ஒன்றரை நிமிஷம், செல்வி நாகராஜுக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. தினமும் பேசினான், சாப்பிட்டாயா, மழையா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று எல்லாம் கேட்டான். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வியும் கேட்கவில்லை. “பாத்திருப்பாரு” என்றாள் என்னிடம். “பாக்காம இருக்க மாட்டாரு. எத்தன தடவ பாத்தாரோ.” அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் வளர்க்க விடமாட்டாள். வேறு ஏதாவது கேட்டு என்னைத் திருப்பிவிடுவாள். நானும் சில மாதங்களில் மறுபடி ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

பதின்மூன்று மாதம் கழித்து, ஒரு மார்ச் மாத மத்தியானம், அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அவள் எதுவும் எழுதவில்லை. நாகராஜ் அவளுக்கு அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருந்தாள். எப்போதும் குரலில் பேசி அனுப்புகிறவன் அன்றைக்கு உட்கார்ந்து டைப் செய்திருந்தான்:

“செல்வி, அந்தப் பொண்ணு பாதிப் படில நிக்கும்லா. நீ அதுக்கு முன்னாலயே நின்னுட்ட. நூறு தடவையாவது போட்டுப் பாத்துட்டேன், அது நிக்கப் போறதுக்கு எனக்கு ஒரு அடையாளமும் தெரியல. கண்ணப் பாத்தியா, காலப் பாத்தியா? எத வச்சுட்டி கண்டுபிடிச்ச? சொல்லு.”